துணித் துண்டு குயில்ட்: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது?

மிச்சத் துணியில் குயில்ட் (துண்டுகளை இணைத்து, உள்ளே பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்கும்போது கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறொன்று. தைத்த பிளாக், அதாவது துண்டுகளை இணைத்துச் செய்யும் ஒரு கட்டம், அலை அலையாகத் தூக்கினால், தவறு பெரும்பாலும் வெட்டும்போதே நடந்திருக்கும். முதல் துவைப்பில் சாயம் பரவினால், துண்டைப் பெட்டியில் போட்ட அன்று ஒரு சோதனை விட்டுப்போயிருக்கும். அதனால்தான் தையலைப் பிரித்து மறுபடி தைத்தாலும் அதே கோளாறு திரும்ப வருகிறது. கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் எதைப் பார்க்க வேண்டும், அது சரியாக இருந்தால் அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் சிக்கல் எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அளவுகள் எல்லாம் அங்குலத்தில். வெட்டளவு என்றால் தையலுக்கு விட்ட துணியும் சேர்ந்தது. முடிந்த அளவு என்றால் நான்கு பக்கமும் தைத்த பிறகு வெளியே தெரிவது. தையலுக்கு விடுவது ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம். ஆக, 2½ அங்குலத்துக்கு வெட்டிய சதுரம் தைத்து முடித்தால் 2 அங்குலமாகத் தெரியும்.

பெட்டி நிரம்பி வழிகிறது, தைக்க எடுத்தால் ஒன்றும் தேறவில்லை

பெட்டிக்குள் கையை விட்டு 2½ அங்குலச் சதுரம் பத்து எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு துண்டையும் விரித்து, இஸ்திரி போட்டு, அளவுகோல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றால், வெட்டும் வேலையைத்தான் பெட்டிக்குள் அடைத்து வைத்திருக்கிறீர்கள். தைக்கும் ஆசையோடு உட்காருகிறவருக்கு இரண்டு மணி நேரம் இஸ்திரி போடும் பொறுமை இருக்காது. பெட்டியை மூடிவிட்டுப் புதுத் துணி வாங்கப் போய்விடுவார்.

ஒரு குயில்ட்டுக்கு வெட்டி முடித்ததும், கட்டிங் மேட்டும் ரோட்டரி கட்டரும் (உருளும் வட்டக் கத்தி) மேசை மேல் இருக்கும்போதே மிச்சத்தையும் அளவாக வெட்டிவிடுங்கள். துணி இஸ்திரி போட்டபடி இருக்கும், நூல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதும் நினைவில் இருக்கும். ஒரு வாரம் கழித்து இரண்டுமே இருக்காது.

எந்த அளவில் வெட்டுவது என்பதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கடைகளில் 5 அங்குலச் சதுரக் கட்டுகள் கிடைப்பதால் அதையே பின்பற்றுவது பழக்கமாகிவிட்டது. ஆனால் 5 அங்குலச் சதுரம் முடிந்தால் 4½. அதன் பக்கத்தில் 2½ அங்குலச் சதுரங்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் வருவதோ 4. அரை அங்குலம் இடிக்கும். என் தேர்வு 1½, 2½, 4½. முடிந்த அளவில் இவை 1, 2, 4 ஆகும். எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். நீளமான மிச்சங்களை 1½, 2½ அகலப் பட்டைகளாக வெட்டுங்கள். நீளம் எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை.

எல்லாவற்றையும் வெட்டிவிடவும் கூடாது. 10 அங்குலத்துக்கு மேல் இருக்கும் துணியை அப்படியே மடித்து வையுங்கள். பெரிய துண்டிலிருந்து சிறியதை எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், திருப்பி ஒட்ட முடியாது. வெட்டாதவற்றை நிறவாரியாகவும் வெட்டியவற்றை அளவுவாரியாகவும் பிரித்து வைப்பது நல்லது. வெட்டிய சதுரங்களை நிறம், அளவு இரண்டாலும் பிரிக்கப் போனால் நாற்பது டப்பா தேவைப்படும். ஒரு மாதத்தில் அலுத்துவிடும்.

எதுவரை சின்னது சேர்க்கத் தகும்? கணக்கே சொல்லிவிடும். 4½ அங்குலச் சதுரத்தில் தையலுக்குள் மறைவது ஐந்தில் ஒரு பங்கு. 2½ அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். 1½ அங்குலத்தில் பாதிக்கு மேல் உள்ளே போய்விடும். 1 அங்குலச் சதுரத்தில் நான்கில் மூன்று பங்கு மறைந்து, அரை அங்குலப் புள்ளி ஒன்று வெளியே தெரியும். அந்தப் புள்ளியைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற கைகளும் உண்டு. மற்றவர்கள் 1½ அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறந்தால் முக்கல் வாடை, மஞ்சள் கோடு, சின்ன ஓட்டைகள்

வாடை என்றால் ஈரம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் அரைகுறையாகக் காய்ந்த துணியை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். துவைத்து முழுக்கக் காய்ந்த பிறகும் இஸ்திரியின் ஆவி துணியில் தங்கியிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆவி இஸ்திரி போட்ட துண்டு ஆறும் வரை வெளியே விரிந்து கிடக்கட்டும். கரும்புள்ளி விழுந்துவிட்ட துண்டைத் தனியாகத் துவைத்துப் பாருங்கள். புள்ளி போகாவிட்டால் வீசிவிடுங்கள். மற்ற துணிகளோடு வைக்காதீர்கள்.

மடிப்பில் மஞ்சள் கோடு தெரிந்தால் மரப்பலகை அல்லது அட்டைப்பெட்டியைச் சந்தேகியுங்கள். இரண்டிலிருந்தும் வெளியேறும் அமிலம் நாளடைவில் பருத்தியைப் பழுப்பாக்கும். இடையில் ஒரு பழைய வெள்ளைத் துணியை விரித்தால் போதும். மடிப்பு மட்டும் வெளிறியிருந்தால் அது வெளிச்சத்தின் வேலை. கண்ணாடி ஜாடியில் வண்ணத் துண்டுகளை அடுக்கி ஜன்னலில் வைப்பது படத்துக்கு அழகு, துணிக்குக் கேடு.

ஓட்டைக்குக் காரணம் பூச்சி. கஞ்சி போட்ட பருத்தி, வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. கஞ்சியும் ஸ்டார்ச்சும் வெட்டுவதற்குச் சற்று முன் போட வேண்டியவை. சேமித்து வைக்கும் துணியில் அவை இருக்கக் கூடாது. கம்பளி, பட்டுத் துண்டுகளைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. அவற்றைத் துவைத்து, தனியாகக் கட்டி வையுங்கள்.

துண்டுகளைத் துவைத்தால் எல்லாம் ஒரே நூல் பந்தாகிறது

மெஷினில் அப்படியே போட்டால் இதுதான் நடக்கும். வலைப்பையில் போட்டாலும் கைக்குட்டையை விடச் சிறிய துண்டு பிசிறிக்கொண்டு வரும். சின்னவற்றை ஒரு பேசினில் வெந்நீரும் துளி சோப்பும் விட்டு ஊறவைத்து, அலசி, துவாலையில் உருட்டிப் பிழிந்து, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள். பெரிய துண்டானால் ஓரத்தைப் பல் வைத்த கத்தரியால் வெட்டிவிட்டு வலைப்பையில் போடலாம். எல்லாவற்றையும் விட எளிது, துணி வாங்கி வந்ததும் முழுசாக இருக்கும்போதே துவைத்துவிடுவது. அப்புறம் விழும் துண்டுகள் எல்லாம் துவைத்தவையாகவே இருக்கும்.

துவைத்ததையும் துவைக்காததையும் ஒரே குயில்ட்டில் கலக்கலாமா என்று கேட்பார்கள். பருத்தி முதல் துவைப்பில் 3 முதல் 5 சதவீதம் வரை சுருங்குவது சகஜம். 2 அங்குலச் சதுரத்தில் அது கண்ணில் படாது. அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் குயில்ட் தையலை நெருக்கமாகப் போட்டால் சுருக்கமும் அழகோடு சேர்ந்துவிடும். ஓரப் பட்டை மாதிரி நீளமான பாகங்களில் மட்டும் கலக்காதீர்கள்.

பிளாக் அளவு சரியாக வரவே இல்லை

துண்டுக் குயில்ட்டில் மிகுந்த எரிச்சலைத் தருவது இதுதான். மூன்று இடங்களில் பிழை ஒளிந்திருக்கும்: வெட்டு, தையல், இஸ்திரி. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

வெட்டிலிருந்து தொடங்குவோம். உங்கள் சதுரங்கள் பல மாதங்களில், பல மனநிலைகளில், ஒருவேளை பல அளவுகோல்களால் வெட்டப்பட்டவை. பத்துச் சதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி தட்டுப்பட்டால் வேறு எதையும் தேட வேண்டாம். அளவுகோலின் கோடு துணி ஓரத்துக்கு மேலே இருக்க வேண்டுமா, ஒட்டி இருக்க வேண்டுமா என்பதில் ஒரே முறையைக் கடைப்பிடியுங்கள். கோட்டின் தடிமனே ஓர் இழை அளவு வித்தியாசம் காட்டும். முனை மழுங்கிய கத்தி துணியைத் தள்ளிக்கொண்டு போகும். நான்கு அடுக்குக்கு மேல் ஒரே வெட்டில் வெட்டினால் கீழடுக்கு நகரும். சந்தேகம் இருந்தால் வெட்டி வைத்தவற்றை எல்லாம் தைப்பதற்கு முன் ஒரே அளவுகோலில் மறுபடி சரிபார்த்துவிடுவது, பிரிப்பதை விட எளிது.

வெட்டு சரி என்றால் தையல். 1½ அங்குல அகலம், 3½ அங்குல நீளத்தில் மூன்று பட்டைகளை வெட்டி நீளவாக்கில் ஒன்றாகத் தையுங்கள். இஸ்திரி போட்டு அளந்தால் மொத்தம் 3½ அங்குலச் சதுரமாக வர வேண்டும், நடுப் பட்டை சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். நடுப் பட்டை குறைந்திருந்தால் அகலமாகத் தைக்கிறீர்கள். கூடியிருந்தால் நெருக்கித் தைக்கிறீர்கள். மெஷினில் கால் அங்குல ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) மாட்டியிருக்கிறேனே என்று நம்பிவிடாதீர்கள். ஃபுட் காட்டுவது ஊசிக்கும் ஓரத்துக்கும் உள்ள தூரத்தை. துணி மடங்கித் திரும்பும் இடத்தில் நூலும் மடிப்பும் கொஞ்சம் இடத்தைச் சாப்பிட்டுவிடும். அதனால் கால் அங்குலத்தை விட ஓரிரு இழை குறைவாகத் தைப்பதுதான் வழக்கம். ஊசியை ஒரு படி வலப்பக்கம் நகர்த்தியோ, ஊசித் தட்டில் ஒட்டுநாடாவால் புது எல்லை வைத்தோ சரி செய்யலாம்.

இவ்வளவு சின்ன வித்தியாசம் என்ன செய்துவிடும்? ஒன்பது சதுரப் பிளாக்கில் ஒரு வரிசைக்கு இரண்டே தையல். ஒவ்வொன்றிலும் 1/16 அங்குலம் போனால் 6½ வர வேண்டியது 6⅜ ஆகும். இழுத்துப் பிடித்துச் சமாளித்துவிடலாம். இருபது சதுரம் கொண்ட வரிசையில் பத்தொன்பது தையல். அங்கே அதே பிழை ஒரு அங்குலத்தைத் தாண்டிவிடும். துண்டு சிறியதாக ஆக, தையல் எண்ணிக்கை கூடும்; பிழையும் அதோடு பெருகும். பெரிய துணியில் வருடக்கணக்கில் நன்றாகத் தைத்தவருக்கும் துண்டில் இறங்கும்போது திடீரென அளவு தவறுவது இதனால்தான்.

தையலும் சரி என்றால் இஸ்திரி. தையல் கோட்டில் துணி முழுக்கத் திரும்பாமல் ஒரு சின்ன மடிப்பு நின்றுவிட்டால் அளவு குறையும். முதலில் தைத்தபடியே தையல் மேல் ஒரு தரம் அழுத்துங்கள். அப்புறம் விரித்து, இஸ்திரியின் ஓரத்தால் மடிப்பைத் தள்ளி அழுத்துங்கள்.

ஏற்கெனவே தைத்துவிட்ட பிளாக்குகளை என்ன செய்வது? முனைகள் ஓரத்தைத் தொடாத வடிவம் என்றால் எல்லாவற்றையும் உள்ளதில் சிறியதன் அளவுக்கு நறுக்கிவிடுங்கள். நட்சத்திரம் போல முனை ஓரத்தைத் தொட்டால் நறுக்கக் கூடாது. சுற்றிலும் 1½ அங்குலப் பட்டை தைத்துப் பெரிதாக்கி, அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். பட்டைகளுக்கிடையே அகலம் சற்று மாறும். எல்லாம் ஒரே நிறப் பட்டையாக இருந்தால் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

முக்கோணங்களை அளவாக வெட்டித் தைக்க முயன்று தோற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2 அங்குலம் முடிந்த அளவில் இரு நிறச் சதுரம் வேண்டுமென்றால், கணக்குப்படி 2⅞ அங்குலச் சதுரம் இரண்டு போதும். அதை மறந்துவிட்டு 3 அங்குலத்தில் வெட்டுங்கள். மூலைக்கு மூலை கோடு போட்டு, இருபுறமும் கால் அங்குலத்தில் தைத்து, கோட்டில் வெட்டி விரித்தால் இரண்டு கிடைக்கும். அவற்றை 2½க்கு நறுக்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் துணி வீண்தான், நிம்மதி மிச்சம்.

பிளாக் தட்டையாகப் படியாமல் அலையாகத் தூக்குகிறது

அலையும் ஓரத்தைக் கையில் பிடித்து மெதுவாக இழுங்கள். ரப்பர் போல நீண்டால் அந்த ஓரம் நெசவுக்குக் குறுக்கே மூலைவாக்கில் வெட்டுப்பட்டிருக்கிறது. தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். நெய்த துணி பாவு நூலின் திசையில் அநேகமாக நீளாது, ஊடை நூலின் திசையில் சற்று நீளும், இரண்டுக்கும் நடுவே 45 பாகையில் தாராளமாக நீளும். முழுத் துணியில் கரை இருப்பதால் பாவின் திசை தெரிந்துவிடும். மிச்சத் துண்டில் கரை இருக்காது. அங்கேதான் ஏமாறுகிறோம்.

கரை இல்லாத துண்டில் திசை கண்டுபிடிக்க, ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் முழு நீளத்துக்கும் வந்தால் ஓரம் நெசவோடு இருக்கிறது. பாதியில் முடிந்து அடுத்தது வந்தால் சாய்ந்திருக்கிறது. பிறகு இரு திசையிலும் இழுத்துப் பார்த்து, குறைவாக நீளும் திசையைப் பாவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட கோடுகளை நம்ப வேண்டாம். கட்டம் நெசவிலேயே போட்டதாக இருந்தால் சரி, மேலே அச்சடித்ததாக இருந்தால் அது நெசவோடு ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் இல்லை.

வெட்டியாகிவிட்டது, வீசவும் மனமில்லை என்றால் மூன்று வழிகள். சாய்ந்த ஓரம் பிளாக்குக்குள் போகும்படியும் நேரான ஓரம் வெளியே வரும்படியும் துண்டைத் திருப்பி வையுங்கள். அது முடியாவிட்டால் தைப்பதற்கு முன் ஸ்டார்ச் போட்டு விறைப்பாக்குங்கள். ஸ்டார்ச் தெளித்து ஊறவிட்டு, இஸ்திரியை இழுக்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும். மூன்றாவது, அடித்துணி. மெல்லிய வெள்ளைத் துணி அல்லது மெல்லிய தாள் ஒன்றைப் பிளாக் அளவுக்கு வெட்டி, அதன் மேலேயே துண்டுகளைத் தைத்துவிடுங்கள். அடித்துணி நீளாது, அதனால் மேல்துணியும் நீளாது. தாளில் தைக்கும்போது தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டருக்குக் குறைத்தால், முடித்த பிறகு தாள் தபால்தலை மாதிரி சுலபமாகக் கிழியும். ஒழுங்கற்ற பட்டைகளுக்கும் கோணல்மாணல் சில்லறைகளுக்கும் இதை விட நல்ல வழி கிடையாது.

நீளவில்லை, ஆனாலும் அலைகிறது என்றால் உங்கள் இஸ்திரிப் பழக்கத்தைப் பாருங்கள். சட்டை தேய்ப்பது போல முன்னும் பின்னும் தேய்த்தால் நேரான துணியும் கோணும். ஓரப் பட்டை மட்டும் அலைந்தால் அது வேறு கதை. குயில்ட்டின் ஓரத்தை அளந்து பட்டை வெட்டியிருப்பீர்கள், அல்லது அளக்காமலேயே தைத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெட்டியிருப்பீர்கள். நடுவில் அளந்து, அந்த நீளத்துக்குப் பட்டையை வெட்டி, இரு முனையும் நடுவும் பின் குத்திய பிறகே தையுங்கள்.

மெஷின் சின்னத் துண்டின் மூலையை விழுங்குகிறது

ஜிக்ஜாக் தையலுக்கான ஊசித் தட்டில் துளை அகலமாக இருக்கும். துண்டின் மூலை ஊசியோடு அதற்குள் இறங்கிவிடும். ஒற்றைத் துளைத் தட்டு இருந்தால் மாட்டுங்கள். ஆனால் அது மாட்டியிருக்கும்போது ஜிக்ஜாக் போட்டால் ஊசி உடையும், ஜாக்கிரதை. தட்டு இல்லாவிட்டால், மடித்த துணுக்கு ஒன்றின் மேல் முதலில் நாலு தையல் போட்டு, நூலை வெட்டாமல் அதை ஒட்டியே உங்கள் துண்டை நுழையுங்கள். வரிசை முடிந்ததும் இன்னொரு துணுக்கில் தைத்து நிறுத்துங்கள். மெஷின் எப்போதும் துணியின் மேலேயே நிற்கும், நூல் வாலும் மிச்சமாகும்.

அந்தத் துணுக்குக்குப் பதிலாக 2½ அங்குலச் சதுரம் இரண்டை இணையாக வைத்துத் தைத்தால் இன்னும் நல்லது. பெரிய குயில்ட் ஒன்றைத் தைத்து முடிப்பதற்குள், பக்கத்தில் சத்தமில்லாமல் இரண்டாவது ஒன்றுக்கான இணைகள் குவிந்திருக்கும். 60க்கு 72 அங்குலப் போர்வைக்கு இப்படி 1,080 சதுரம் வேண்டும். தனியாக உட்கார்ந்து தைக்கச் சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள்.

இவ்வளவும் செய்தும் விழுங்குகிறதா? ஊசியை மாற்றுங்கள். சாதாரணப் பருத்திக்கு 80/12 அளவு ஊசி போதும்.

சில துண்டுகள் மட்டும் சுருங்குகின்றன, பளபளக்கின்றன, இஸ்திரியில் ஒட்டுகின்றன

பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. அடையாளம் தெரியாத துண்டிலிருந்து சில நூல்களை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் நாற்றம் அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியும். உருகுவதையும் உருகாததையும் ஒரே பிளாக்கில் வைத்தால் இஸ்திரிச் சூட்டை எதற்கு வைப்பது என்பதே பிரச்சினையாகும். கலப்புத் துணிகளுக்குத் தனிப் பெட்டி வைத்து, அவற்றை மட்டும் வைத்துப் பைகளோ தரைவிரிப்போ தையுங்கள்.

பனியன் துணி சேர்க்க ஆசை என்றால் பின்பக்கம் இஸ்திரியால் ஒட்டும் ஃப்யூசிங் போட்டு, அதன் பிறகே அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு ஒட்டினால் அளவு மாறிவிடும்.

தைத்து முடித்தால் வடிவமே தெரியவில்லை, ஒரே களேபரமாக இருக்கிறது

நிறங்கள் சண்டை போடுகின்றன என்று நினைத்துப் பாதித் துண்டுகளை ஒதுக்கிவிடுவார்கள். அவசரம் வேண்டாம். பிளாக்கைக் கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால், குறை நிறத்தில் இல்லை, வெளிர்மை அடர்மையில் இருக்கிறது. சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிர், ஆனால் இரண்டும் ஒரே அடர்த்தியில் இருந்தால் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒன்றாகக் கரைந்துவிடும். வடிவத்தைக் கண்ணுக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்த வெளிர்–அடர் வித்தியாசம்தான்.

மிச்சப் பெட்டிகளில் நடுத்தர அடர்த்தித் துணிகளே நிரம்பியிருக்கும். கடையில் கையை ஈர்ப்பவை அவைதான். வெளிர் துணியை யாரும் ஆசையாக வாங்குவதில்லை. ஆகவே துண்டுகளை வெளிர், நடுத்தரம், அடர் என்று மூன்று குவியலாகப் பிரித்தால் வெளிர்க் குவியல் சின்னதாகவே வரும். அதைப் பெருக்க ஒரு வழி: துணியைத் திருப்பி, மறுபக்கத்தைப் பயன்படுத்துவது. அச்சுத் துணிகளின் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறி, நிறம் அடங்கி இருக்கும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

வெளிர், அடர் சரியாக இருந்தும் கண் எங்கும் நிற்கவில்லையா? அச்சின் அளவைப் பாருங்கள். பெரிய பூக்கள் போட்ட துணியை 2½ அங்குலத்துக்கு வெட்டினால் ஒரு சதுரத்தில் இதழின் சிவப்பும் அடுத்ததில் வெறும் பின்னணியும் விழும். ஒரே துணி இரண்டு துணியாக நடிக்கும். பெரிய அச்சை 4½க்கு ஒதுக்குங்கள். அப்புறம், முழுக் குயில்ட்டிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொருளை வையுங்கள்: ஒரே வெள்ளைப் பின்னணி, அல்லது ஒவ்வொரு பிளாக்கின் நடுவிலும் ஒரே சிவப்புச் சதுரம், அல்லது பிளாக்குகளுக்கு இடையே ஒரே பட்டை. இருநூறு வகைத் துணியையும் கட்டிப்போட அந்த ஒன்று போதும். இதற்கு மட்டும் துணி புதிதாக வாங்கினால் தப்பில்லை. மிச்சத்தில்தான் முழுவதும் தைப்பேன் என்ற பிடிவாதம் பல குயில்ட்டுகளைக் கெடுத்திருக்கிறது.

முதல் துவைப்பில் சாயம் பக்கத்துத் துண்டில் ஏறிவிட்டது

முதல் விதி: காய விடாதீர்கள், இஸ்திரியும் போடாதீர்கள். காய்ந்து சூடும் பட்டால் ஏறிய சாயத்தை எடுப்பது கடினமாகும். பெரிய தொட்டியில் கை பொறுக்காத அளவு சூடான தண்ணீர், சுமார் 60 பாகை செல்சியஸ், நிரப்பி, சாயத்தைப் பிடித்து வைக்கும் சலவைத் திரவத்தைக் கலந்து, குயில்ட் முழுவதும் மூழ்கும்படி அமுக்கி வையுங்கள். மேலே மிதக்கும் பாகத்தில் சாயம் தங்கிவிடும் என்பதால் முழுக்க மூழ்குவது முக்கியம். இரவு முழுக்க ஊறட்டும். தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளிவாக நிற்கும் வரை விடாமல் செய்தால் பெரும்பாலும் கறை விலகிவிடும். பட்டோ கம்பளியோ இருக்கும் குயில்ட்டுக்கு இந்தச் சூடு ஆகாது.

வராமல் தடுக்க, துண்டைப் பெட்டியில் சேர்க்கும் அன்றே அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் மட்டுமாவது சோதியுங்கள். நனைத்த வெள்ளைத் துணியின் மேல் துண்டை வைத்து இஸ்திரியால் அழுத்தினால் வெள்ளையில் நிறம் தெரியும். தெரிந்தால் துண்டைத் தெளிவாகும் வரை வெந்நீரில் அலசுங்கள். உப்பிலோ வினிகரிலோ ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. கடையில் வாங்கிய பருத்தித் துணியில் அது வேலை செய்யாது. ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் சாயத்தைக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி.

தையல் சேருமிடங்களில் மொத்தமாகத் தடிக்கிறது, ஊசி தடுக்குகிறது

நான்கு மூலைகள் சேரும் இடத்தில் மடிப்புகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் அடுக்கு கூடும். ஒரு வரிசையில் இடப்பக்கம், அடுத்த வரிசையில் வலப்பக்கம் என்று சாய்த்து இஸ்திரி போட்டால் மடிப்புகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு மூலையும் பொருந்தும். எட்டு முனைகள் சேரும் நட்சத்திர மையத்தில் மடிப்பை இரு பக்கமும் விரித்துவிடுங்கள். கையால் குயில்ட் தையல் போடுகிறவர்கள் 1½ அங்குலத் துண்டுகளைக் குறைத்துக்கொள்வது நல்லது; ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஒரு தையல் மடிப்பில் ஊசி முட்டும். ஜீன்ஸ் துண்டு கலந்தால் மெஷினுக்கு 90/14 ஊசி அல்லது அதற்கு மேல் போடுங்கள்.

துவைத்த பிறகு சில தையல்கள் பிரிந்து, ஓரம் வெளியே வந்துவிட்டது

பிரிந்த இடத்தில் நூல் அறுந்திருக்கிறதா, துணி உருவிக்கொண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். நூல் அறுந்திருந்தால் நூல் பழசு. அல்லது தையல் நீளம் அதிகம். 2 முதல் 2.5 மில்லிமீட்டர் வைத்தால் போதும். துணி உருவியிருந்தால் நெசவு தளர்வானது. அப்படிப்பட்ட துண்டுகளின் பின்னால் மெல்லிய ஃப்யூசிங் ஒட்டிவிட்டுத் தைத்திருக்க வேண்டும். துணியே நைந்து கிழிந்திருந்தால் அது பழந்துணி. சேர்ப்பதற்கு முன் இரு கட்டைவிரலாலும் அழுத்தி இழுத்துப் பார்ப்பதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். முழங்கை, முழங்கால் பாகத்துத் துணியைத் தவிர்த்துவிட்டு, முதுகு, கீழோரப் பாகத்தை வெட்டினால் பழைய உடைகளும் நன்றாகவே உழைக்கும்.

பிரிந்த இடத்துக்கு மேலே, ஓரம் மடித்த புதுத் துண்டு ஒன்றை வைத்துக் கையால் தைத்துவிடுங்கள். துண்டுக் குயில்ட்டில் கூடுதலாக ஒரு துண்டு யார் கண்ணுக்கும் உறுத்தாது.

பஞ்சு அடுக்கின் மிச்சத்தை இணைத்தால் உள்ளே மேடு தட்டுகிறது

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைத்திருப்பீர்கள். இரு ஓரத்தையும் நேராக வெட்டி, முட்ட வைத்து, அகல ஜிக்ஜாக்கில் தளர்வாகத் தையுங்கள். ஒரே வகை, ஒரே தடிமன் உள்ளவற்றையே இணைக்க வேண்டும்.

ஒன்றுக்கும் ஆகாத சில்லறையை அடைத்த மெத்தை கல்லாக இறுகிவிட்டது

நூல் கத்தைகளும் நீளத் துணுக்குகளும் சேர்ந்தால் ஒன்றோடொன்று பின்னி உருண்டுவிடும். அடைப்பதற்கு முன் எல்லாவற்றையும் விரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள். பஞ்சு அடுக்கின் நறுக்கல்களைப் பாதிக்குப் பாதி கலந்தால் மெத்தென்று இருக்கும். பின், உடைந்த ஊசி உள்ளே போய்விடாமல் காந்தத்தை ஒரு தரம் ஓட்டிவிடுங்கள். துணி அடைத்த மெத்தை பாரமாக இருக்கும், நனைந்தால் காய நாட்கணக்காகும். அதனால் சில்லறையை ஓர் உள்ளுறையில் அடைத்துத் தைத்துவிட்டு, மேலே ஜிப் வைத்த வெளியுறை போடுங்கள். வெளியுறையை மட்டும் கழற்றித் துவைத்துக்கொள்ளலாம்.